முன்னால் நிற்பவன்

செல்லசாமி என் இடது காதின் நுனியைக் கடித்து எடுத்தபோது நான் அவனிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை.

2007ஆம் ஆண்டு. இலங்கை மலைநாட்டில், அட்டன் பாதையில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் பின்கட்டில் இருபது கட்டில் போட்ட மனநல வார்ட். ஒரு தொண்டு நிறுவனம் என்னை அங்கே நியமித்திருந்தது. கடிதத்தில் 'சக ஆதரவாளர்' என்று இருந்தது. நோயாளியாக இருந்து தேறியவன் நோயாளிகளோடு இருக்கவேண்டும், பேசவேண்டும் என்பது கடிதத்தின் கருத்து. வார்டில் அது வேறு விதமாக அமைந்துவிட்டது. யாராவது ஊசிக்கு மறுத்தால் நான் முன்னால் போய் நின்று பேசுவேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான். சிற்றூழியர்கள் சோமபாலவும் ஆண்டியப்பனும் பின்னால் வந்து பிடிப்பார்கள். இப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே பழகிப்போயிற்று. அடிதடி குறைந்தது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. எனக்கும்.

நானும் அந்த வார்டில் நாற்பது நாள் கிடந்தவன். அதற்கு முன் கொத்மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 2004இல் என் மனைவி கிருஷாந்திக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. அது திரும்பி வந்தபோது அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை. குழந்தையும் இல்லை. எட்டாம் நாள் தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போய்க் கண்ணாடிகளை உடைத்தேன். தடுக்க வந்த காவல்காரனின் மூக்கையும் உடைத்தேன். நைலான் கயிற்றால் கட்டி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு லொறி உடனே கிடைத்தது.

என்னையும் சோமபாலதான் பிடித்தார். அவருடைய முழங்காலின் எடை எனக்குத் தெரியும்.

செல்லசாமி வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஆறு மாதமாகச் சொல்லிவந்தான். ஒரு நாள் மலையில் கங்காணி பின்னாலிருந்து அவன் தோளைத் தொட்டார். செல்லசாமி கத்தியோடு திரும்பினான். கங்காணிக்கு மூன்று விரல் போயிற்று.

அவனிடம் மூன்று தடவை முன்னால் நின்று பேசினேன். மூன்று தடவையும் பின்னால் வந்து பிடித்தார்கள். நாலாவது தடவை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "சாப்பிட்டீங்களா செல்லசாமி" என்று தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முதலில் வலி இல்லை. பல்லும் பல்லும் சேர்கிற சத்தம் தலைக்குள் கேட்டது. சோமபால அவனைத் தரையில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார். ஆண்டியப்பன் விலாவில் குத்தினான். எண்ணிக்கொண்டு குத்துகிறவன் போல நிதானமாகக் குத்தினான். செல்லசாமி வாயில் இருந்ததைத் துப்பினான்.

"உப்புக் கொறைச்சல் மாஸ்டர்" என்றான்.

ஆண்டியப்பன் சிரித்துக்கொண்டே மறுபடி குத்தினான்.

காதில் ஏழு தையல். தையல் போட்டது டொக்டர் யசோதினி. யாழ்ப்பாணத்துக்காரி. அந்த வார்டில் தமிழ் பேசுகிற டொக்டர் அவர் மட்டும்தான், காலையில் இரண்டு மணி நேரம்தான் இருப்பார். ஊசி குத்திக்கொண்டே சொன்னார்: "இன்னொருக்கா ஆரையும் காயப்படுத்தினாரெண்டால் கொழும்புக்கு அனுப்பத்தான் வேணும். பிறகு என்னால மறிக்கேலாது."

கொழும்பில் உள்ள பெரிய மனநல ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். செல்லசாமியின் மனைவி மீனம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் வட்டகொடையில் ரயில் ஏறிச் சோற்றுப் பார்சலோடு வருவாள். கொழும்புக்கு அவளால் போகமுடியாது. அங்கே சிங்களத்தில் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியாதவனை நோய் முற்றியவன் என்று எழுதிவிடுவார்கள் என்று தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, போனவர்களில் திரும்பி வந்த ஒருவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் அவன் கட்டிலுக்குப் போனேன். இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. என் காதில் இருந்த கட்டைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும். ஒங்க கொரலக் கேட்டாலே முதுகு கூசுது. சாப்பிட்டியான்னு கேப்பீங்க. அடுத்த நிமிசம் குண்டியில ஊசி."

ஊசிக்கு இவ்வளவு பயமா என்று கேட்டேன்.

"ஊசிக்கு எவன் பயந்தான். மலையில கொளவி கொட்டி மூணு நாள் கெடந்தவன் நானு. அது போட்ட பொறகு கழுத்து திருகிக்கிட்டு கூரையப் பாக்குது. நாக்கு வெளிய வருது. முதுகுல எவன் நிக்கிறான்னு திரும்பிப் பாக்க முடியல. அப்பிடியே விடிய விடியக் கெடக்கேன்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்றேன். இரண்டு நாள் நாக்கை உள்ளே இழுக்க முடியவில்லை. எச்சில் வடிந்து தலையணை நனைந்தது. அதைத் தடுக்க ஒரு வெள்ளைக் குளிசை, சின்ன மாத்திரை, இருக்கிறது. டொக்டர் எழுதுகிறார். ஊசி போடுகிறவர்கள் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். இதை நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவன் திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தானா முன்னால வந்து நின்னீங்க?"

  இனி நான் பேசும்போது உங்களுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர் ஒத்துக்கொண்டார். ஊசியை முதலில் காட்டவேண்டும், குளிசையைக் கொடுத்துவிட்டுக் கையில்தான் போடவேண்டும், பின்னால் ஒருவரும் போகக்கூடாது என்று சிங்களத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டினார். ஆண்டியப்பன் அதைப் படித்துவிட்டு, மாஸ்டருக்கு இன்னும் ஒரு காது மிச்சம் இருக்கிறதே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

வியாழக்கிழமை கட்டை அவிழ்த்ததும் செல்லசாமி தானே சட்டைக்கையை மடித்தான்.  பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். யாரும் பிடிக்கவில்லை. குளிசை வேலை செய்தது, கழுத்து திருகவில்லை. இதே மாதிரி இரண்டு வாரம் போனால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டொக்டர். ஞாயிற்றுக்கிழமை மீனம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கறை படிந்து வெடித்த விரல்கள். 

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குளிக்கிற அறையில் சத்தம் கேட்டது.

நடந்ததைப் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். படுக்கையை நனைத்துவிட்ட ஒரு கிழவனை ஆண்டியப்பன் அங்கே இழுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் காலால் உதைத்திருக்கிறான். அங்கே கை கழுவிக்கொண்டு நின்ற செல்லசாமி அவனை விடச் சொல்லியிருக்கிறான். ஆண்டியப்பன் கிழவனை விட்டுவிட்டு, பின்னாலிருந்து செல்லசாமியின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறான். செல்லசாமி அவனைக் கை கழுவுகிற பீங்கானில் மோதினான். பீங்கான் உடைந்தது.

நான் போனபோது செல்லசாமி ஆண்டியப்பனின் தலைமுடியைப் பிடித்து முன்னால் நிறுத்தியிருந்தான். மற்றக் கையில் பீங்கான் துண்டு. அது ஆண்டியப்பனின் தொண்டையில் இருந்தது. தோல் கீறி இரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிழவன் மூலையில் அம்மணமாகக் குந்தியிருந்தான். கையில் சவர்க்காரம். வாசலில் நர்ஸும் காவலாளியும் நின்றார்கள்.

"மாஸ்டர் மட்டும் உள்ள வரட்டும்" என்றான் செல்லசாமி.

போனேன். தரை வழுக்கியது. ஐந்தடி தள்ளி நின்றேன்.

அவன் ஆண்டியப்பனை வெட்ட விரும்பவில்லை. அது எனக்குத் தெரிந்தது. எப்படி விடுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. விட்டால் அடிப்பார்கள். நான் டொக்டர் வருவார் என்றேன். கிழவனை உதைத்ததை நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். மீனம்மா ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்றேன். அவன் மூச்சு இறங்கியது. துண்டு தொண்டையிலிருந்து ஒரு விரற்கடை விலகியது.

அந்த அறைக்கு இரண்டு வாசல். ஒன்று வார்டுக்கு. மற்றது துணி காயப்போடும் முற்றத்துக்கு. அது செல்லசாமியின் முதுகுப் பக்கம்.

அதில் சோமபால நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். இரண்டு கையிலும் விரித்த கம்பளி. என்னைப் பார்த்தார். ஒன்றரை வருடமாக எங்களுக்குள் இருந்த பார்வை அது. பேசிக்கொண்டே இரு என்று அர்த்தம். ஒரு எட்டு வைத்தார். இன்னொன்று வைத்தார்.

செல்லசாமி என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், எனக்குப் பின்னால யாராச்சும் இருக்காங்களா?"

மூன்று எட்டு மிச்சமிருந்தது. இல்லை என்று சொன்னால் போதும்.

"இருக்காங்க" என்றேன். "சோமபால. கையில கம்பளி மட்டுந்தான்."

அவன் திரும்பினான். துண்டு பிடித்த கையும் சேர்ந்து திரும்பியது. ஆண்டியப்பனின் முகம் காதிலிருந்து மோவாய் வரை திறந்தது. உள்ளே பல் தெரிந்தது. ஆண்டியப்பன் சத்தம் போடவில்லை. இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். சோமபால கம்பளியைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த தரை தேய்க்கும் கட்டையை எடுத்துச் செல்லசாமியின் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் வந்தது. துண்டு விழுந்தது. அதற்குப் பிறகும் அடித்தார். காவலாளி ஓடிவந்து பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தான். கையில் ஒன்றும் இல்லை, விழுந்துவிட்டது என்று சிங்களத்தில் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அவன்மேல் படுத்தேன். எனக்கும் அடி விழுந்தது. தண்ணீர் சிவப்பாகி ஓட்டைக்குள் போயிற்று.

ஆண்டியப்பனுக்கு முப்பத்தொரு தையல். பின்னேரம் சோமபால வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கோபமாக இல்லை. இன்னும் மூன்றே எட்டு, மாஸ்டர் என்று சிங்களத்தில் சொன்னார். கம்பளியை அவன்மேல் போட்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் தலையாட்டினேன். அது உண்மை.

டொக்டர் கொழும்புக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். "நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டார். அவன் கேட்டான் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்புலன்ஸ் வந்தது. செல்லசாமியின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையைத் தள்ளுவண்டியோடு கட்டியிருந்தார்கள். பயணத்துக்கு ஊசி போடவேண்டும். மாஸ்டர் முன்னால் நிற்கட்டும் என்றான் செல்லசாமி. நின்றேன். சோமபால இடது பக்கம் வருகிறார், நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டார், துணியை விலக்குகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் அசையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஆண்டியப்பனுக்குக் கண் போய்விட்டதா என்று கேட்டான். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

மீனம்மா வெளியே படியில் நின்றாள். காலை ரயிலில் வந்திருந்தாள். கொழும்பு வரைக்கும் கூடப் போக அனுமதி கொடுத்திருந்தார்கள், அங்கே வாசலில் விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். நடந்ததை ஆண்டியப்பனின் ஆட்கள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் வந்து கன்னத்தில் அறைந்தாள். பிறகு நெஞ்சில் குத்தினாள். என் விலா ஏற்கெனவே அடிபட்டுக் கன்றியிருந்தது. விலகாமல் நின்றேன்.

"இல்லன்னு ஒரு வார்த்த" என்றாள். "ஒத்த வார்த்த. அது வாயில வரலியா? சொல்லியிருந்தா அவரு இங்கனயே இருந்திருப்பாரு. ஞாயித்துக்கெழம சோறு கொண்டாந்திருப்பேன்."

மறுபடி குத்தினாள்.

"ஒங்களுக்கு வீட்டுல காத்துக்கிட்டு இருக்க ஆள் இல்ல. அதான் உண்ம பேச முடியுது."

குத்துவதை நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. காலையில் சிங்களத்தில் எழுதியது. இவருக்கு ஊசி போட்டால் கழுத்து திருகும், வெள்ளைக் குளிசை கொடுக்கவும். பின்னாலிருந்து தொடவேண்டாம். முன்னால் நின்று காட்டிவிட்டுப் போடவும். இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கீழே டொக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன்.

அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. இருந்தும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதக் காட்டுனா கேப்பாங்களா?"

"தெரியாதுங்க."

அவள் தாளை மடிக்கவில்லை. போகவும் இல்லை. அம்புலன்ஸுக்குள் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன.

"கேப்பாங்கன்னு சொல்லுங்க மாஸ்டர்."

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கேப்பாங்க" என்றேன்.

மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள்.