நான்கு விரல் உயரம்

எங்கள் சைக்கிள் குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வண்டி கட்டியவர் அதைச் சுவரோரம் நிறுத்தி, செயின் இருக்கிற பக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போட வேண்டும். மறுபக்கத்தைக் காட்டினால் வெங்கடேஸ்வரி அக்கா படத்தை அழித்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு முதுகையா காட்டுவ?" என்று எழுதுவார். அக்கா ராஜபாளையத்தில் பல் டாக்டர். குரூப்பை ஆரம்பித்ததும் அவர்தான், மிரட்டுவதும் அவர்தான்.

நான் முதன்முதலாகப் போட்ட படத்துக்கு நல்ல வரவேற்பு. "பச்சை கலர் எங்க அடிச்சது?" என்று கேட்டார்கள். "ஃபிரேம் அருமை" என்றார்கள். அப்புறம் ஒரு புண்ணியவான், "ஹேண்டில்பாருக்கு மேல என்னது அது, மில்லு புகைக்கூண்டா?" என்று கேட்டுவைத்தார். அன்றிலிருந்து வண்டிக்குப் பெயரே புகைக்கூண்டு.

உண்மையில் அது என் வண்டி இல்லை. என் வீட்டுக்காரர் ஹபீப் ரகுமானுடையது. அவர் சவுதியில், தம்மாமில் ஏசி குழாய் போடுகிற கம்பெனியில் ஃபோர்மேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நான், மாமியார் ஆயிஷா பீவி, நர்சிங் படிக்கிற நாத்தனார் ஃபாயிஸா, மூன்று பேர். கல்யாணமாகி ஏழு வருஷம். நானும் அவரும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாசம் தேறாது. பிள்ளை ஏன் இல்லை என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது ஃபிரேமை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். பிறகு ஊருக்கு வருகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு சாமான் வந்தது. ஒருவரிடம் பெடல், ஒருவரிடம் பிரேக், கான்சாபுரத்துக்காரர் ஒருவரிடம் முன் ஃபோர்க். மற்ற வீட்டுப் பெண்களுக்கு செண்ட் பாட்டில் வரும், எனக்கு பேரிங் வரும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிற தங்கப்பாண்டியன் அண்ணன்தான் எல்லாவற்றையும் மாட்டினார். மாட்டும்போது அங்கேயிருந்து வீடியோ காலில் இவர், "மெல்லண்ணே, மெல்ல" என்று பிரசவம் பார்க்கிற மாதிரி பதறிக்கொண்டிருந்தார்.

புகைக்கூண்டு சமாச்சாரம் இதுதான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறி ஃபிரேமுக்குள் நுழைந்து வெளியே வரும். அதில்தான் ஹேண்டில்பார் உட்காரும். புது ஃபோர்க்கில் அந்தக் குழாய் நீளமாக இருக்கும். ஓட்டுகிறவர் உயரத்துக்கு ஹேண்டில்பாரை நிறுத்தி, மிச்சத்தை அறுத்துவிடுவார்கள். அறுத்த பிறகு ஹேண்டில்பாரை இறக்கலாம், ஏற்ற முடியாது. இவர் ஆறடி. இடுப்பு வலியும் உண்டு. ஹேண்டில்பார் உயரமாக இருக்க வேண்டும். "நான் வந்து உக்காந்து பாத்துட்டு பொறவு வெட்டிக்கலாம்ணே. அதுவரைக்கும் குழாயத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

சும்மா நின்றால் டயர் வெடித்துப்போகும், வாரம் ஒரு தடவை ஓட்டிவை என்றும் அவரேதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை மிதித்தவள்தானே நான். சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரையும் நான்கு விரல் கீழே இறக்கிக்கொண்டேன். மேலே குழாய் நான்கு விரல் துருத்திக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி வளையங்களைப் போட்டு மூடி வைத்தார் அண்ணன். ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் சரியாக நெஞ்சுக்குக் கீழே குத்தும்.

மாமியார் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முறைத்தார். மூன்றாவது வாரம், "வத்ராப் பக்கம் தேங்கா நல்லாருக்குமாமே" என்று ஒரு பையைக் கொடுத்து அனுப்பினார்.

குரூப்பில் இன்னொரு சட்டமும் உண்டு. ஓட்டி முடித்ததும் எங்கே போனோம், காற்று எந்தப் பக்கம், டீ எங்கே என்று எழுத வேண்டும். மற்றவர்கள் இரண்டு வரி எழுதுவார்கள். நான் ஒரு பக்கம் எழுதுவேன். கூமாப்பட்டி ரோட்டில் நாற்று நட்டிருக்கிறார்கள், வயல் தண்ணீருக்குள் மலை தலைகீழாகத் தெரிகிறது, ஒரு நாய் என்னை மட்டும் ஒரு கிலோமீட்டர் துரத்தியது, எல்லாம் எழுதுவேன். குரூப்பில் அறுபது பேர். நான் எழுதியது ஒரு ஆளுக்கு. அவரும் குரூப்பில் இருந்தார். அவர் படித்துவிட்டதற்கான அடையாளம் வரும்வரை நான் குளிக்கக்கூடப் போக மாட்டேன்.

ஓட்டும்போது அவர் கூடவே இருக்கிற மாதிரி இருக்கும் என்று சொன்னால் அது பொய். அவர் இல்லை என்பது நன்றாகவே தெரியும். ஆனால் வருவார் என்று இருக்கும். அந்தக் குழாய் குத்துகிறபோதெல்லாம் இருக்கும்.

போன வருஷம் நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்றார். அது ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தள்ளிப்போனது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, "புது சைட் ஆரம்பிச்சிருக்காங்க சப்ரி, ஆளு பத்தல. ஜனவரிக்குப் பாக்கலாம்" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன ஆள் பேசுகிற மாதிரி பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் வண்டியை மிதித்துக்கொண்டு நேராக ராஜபாளையம் போனேன்.

"வெட்டிருங்கண்ணே."

"எதைம்மா?"

"புகைக்கூண்டை."

தங்கப்பாண்டியன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஹபீப் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"தங்கச்சி, செத்த நேரம் யோசிச்சுக்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நான் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். பேண்டேஜ் கம்பெனியில் லென்ஸ் வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிறவள் நான். கண் தவறி வெட்டிவிட்டேன் என்று நாளைக்கு நானே சொல்லிக்கொள்ள வழியில்லை. ரம்பம் ஐந்து நிமிஷம்கூட எடுக்கவில்லை. "துண்டு வேணுமாம்மா?" என்றார். பழைய இரும்போடு போடச் சொன்னேன்.

சட்டப்படி படம் போட்டேன். "இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு" என்றார்கள். இதயமாக வந்து விழுந்தது. தம்மாமிலிருந்து ஒரே ஒரு கட்டை விரல் வந்தது. அவ்வளவுதான். அன்று போனில் பேசினார். உம்மாவுக்கு சுகர் எம்புட்டு இருக்கு என்று கேட்டார். ஃபாயிஸா ஒழுங்காப் படிக்கிறாளா என்று கேட்டார். என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டார். குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாசமும் கேட்கவில்லை. ஏன்டி வெட்டின என்று ஒரு வார்த்தை கேட்டால் அம்புட்டையும் கொட்டிவிடத் தயாராக இருந்தேன். வாயை மூடிக்கொண்டு சும்மா காத்திருந்தேன்.

ஜனவரியில் வந்தேவிட்டார். நாற்பது நாள் லீவு.

வந்த மறுநாள் காலையில் வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து சீட்டை ஏற்றி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைத் தேடி அந்த நெட்டை மனுஷர் குனிந்த குனிவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வெட்டின இடத்து மூடியைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். இதோ கேட்கப் போகிறார் என்று கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணன் சுத்தமா வெட்டியிருக்காரு. பிசிறே இல்ல" என்றார்.

அந்த வாரம் குரூப்போடு வத்ராப் போய்விட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். தைலம் தேய்த்துவிட்டேன். இப்போதாவது கேட்பார் என்று பார்த்தேன். "அந்த எடந்தான், இன்னுங் கொஞ்சம்" என்றார்.

நாட்கள் ஓடின. ஒருநாள் இரண்டு பேரும் தங்கப்பாண்டியன் அண்ணன் கடைக்குப் போயிருந்தோம். வெங்கடேஸ்வரி அக்காவும் தன் வண்டிக்கு பிரேக் மாற்ற வந்திருந்தார். அண்ணன் இவர் குனிந்து ஓட்டிவந்ததைப் பார்த்துவிட்டு, "முழுக் குழாயோட புது ஃபோர்க் நாலு நாள்ல வந்துரும் ஹபீப். போட்டுருவமா? பழையபடி ஒங்க உயரத்துக்கு வச்சிக்கலாம்" என்றார்.

ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"வேண்டாம்ணே. அவளுக்கு சரியா இருக்குல்ல? அவதான ஓட்டப் போறா" என்றார்.

"பங்காரம்டி ஒன் புருஷன்" என்று அக்கா என் தோளில் தட்டினார். தங்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எனக்கு அன்றைக்குத் தங்கம் வேண்டியிருக்கவில்லை. என் உயரம் எங்கடி என்று அந்த மனுஷர் கடை அதிர ஒரு சத்தம் போட்டிருந்தால், அங்கேயே உட்கார்ந்து அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வராத ஆள்தானே அப்படி விட்டுக்கொடுப்பார்?

கடைசி ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை டிக்கெட். குரூப் கூமாப்பட்டிக்குப் போனது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் செண்பகத்தோப்புக்குக் கிளம்பினோம். அவர் அண்ணனிடம் இரவல் வாங்கிய வண்டியில் வந்தார், எனக்கு என் வண்டி. மாந்தோப்பு ஓரமாக எனக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எம்புட்டு தூரம் வேண்டுமானாலும் மிதிப்பேன் போல இருந்தது. ஆனால் ரோடு காட்டிலாகா செக்போஸ்ட்டோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு உள்ளே விடுவதில்லை என்றார் காவலர். பக்கத்துப் பாலச் சுவரில் உட்கார்ந்தோம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏன் வெட்டினேன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா மச்சான்?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் பாட்டிலை மூடினார். "கேக்கல."

"போட்டோவப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். சைட்ல நின்னுக்கிட்டு, பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன்."

"பாத்துட்டு கட்டை வெரலக் காட்டுனீங்க."

"வேற என்னத்தக் காட்டச் சொல்லுத?"

"சரி, இப்பக் கேளுங்க."

"வேண்டாம் சப்ரி."

"ஏன்?"

மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா நீ சொல்லிருவ. நீ சொல்லிட்டா எனக்கு அங்க போயி நிக்க முடியாது. ஃபாயிஸா படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நான் நிக்கணும்."

நியாயமான பேச்சுதான். ஏழு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாரும் நியாயமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அலுத்துவிட்டது.

அவர் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

"நீங்க வர மாட்டீங்கன்னு முடிவு பண்ணிட்டேன் மச்சான். வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவீங்கன்னு நெனச்சேன். ஒங்களுக்குன்னு எடம் வச்சு வச்சு நெஞ்சுல குத்து வாங்கினதுதான் மிச்சம். அதான் வெட்டினேன். வெட்டிட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள தப்புப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு நீங்க அனுப்புற சாமான் எதுவும் வேண்டாம். நீங்க வேணும். இங்க, இந்த ரோட்ல, எனக்குப் பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு வரணும்."

அவர் என் வண்டியின் ஹேண்டில்பாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். செக்போஸ்ட் காவலர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, செயின் கழண்டுருச்சா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே" என்றார் இவர்.

செவ்வாய்க்கிழமை மதுரை ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் போனோம். முந்தின இரண்டு தடவையும் கண்ணாடிக் கதவைத் தாண்டிய பிறகு நின்று நின்று திரும்பிப் பார்த்து, பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்கினவர் அவர். இந்தத் தடவை பெட்டியைத் தள்ளிக்கொண்டு நேராகப் போனார். கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"என்ன இவன், இம்புட்டு நெஞ்சழுத்தமாப் போறான்?" என்றார் மாமியார்.

எனக்குத் தெரியும். திரும்பியிருந்தால் வந்திருப்பார். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பார். பெயர் சொல்லிக் கத்த வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் ஃபாயிஸா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், கல்லூரி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல்.

நான் கூப்பிடவில்லை.