வெள்ளையடித்த கிணறு

வக்கீல் ஜெயபாண்டி வீட்டு ஃபிரிட்ஜின் மேல் தட்டு முழுவதும் தண்ணீர் பாட்டில்கள்தான். பழைய ஊறுகாய் பாட்டில், டானிக் பாட்டில், தேன் பாட்டில் எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் அவர் மனைவி அழகுமீனா ‘குடிக்காதே’ என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருப்பாள். ஒரு கோடையில் விருந்துக்கு வந்த அவளுடைய அண்ணன், வழக்கில் இருந்த ஒரு கிணற்றின் சாட்சியத்தைப் பாதிவரை குடித்துவிட்ட பிறகு வந்த வழக்கம் அது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்குத்தான் தள்ளுபடியானது.

சிவகாசியில் எல்லாரையும் போலச் சொத்து வழக்கு, விபத்து வழக்கு என்று தொழிலைத் தொடங்கியவர்தான் ஜெயபாண்டி. ஒருமுறை, அச்சகத்து மைக்கழிவு பாய்ந்து கத்தரித் தோட்டம் கருகிப்போன ஒருவருக்காக வாதாடித் தோற்றார். தோற்ற மறுநாள் அந்த மனிதர் வீடு தேடி வந்து, “எனக்காகப் பேசவும் ஒரு ஆளு இருந்தாக, அது போதும்யா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கெட்டுப்போன கிணறு, புகை, பட்டாசு மருந்துக் கழிவு என்று யார் வந்தாலும் இவரால் மறுக்க முடியவில்லை. சக வக்கீல்கள் ‘கிணத்து வக்கீல்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வகை வழக்கு எதிலும் அவர் ஜெயித்ததில்லை. தண்ணீரைக் கூண்டில் ஏற்ற முடியாது. விசாரணை வருவதற்குள் மழை பெய்து கிணறு தெளிந்துவிடும். மனிதர்களைக் கூண்டில் ஏற்றினாலோ, அவர்கள் அதே கம்பெனியில் வேலை செய்பவர்களாக இருப்பார்கள். தீபாவளி சீசன் நெருங்க நெருங்க அவர்களுக்கு ஞாபகசக்தி குறைந்துகொண்டே வரும்.

2007ஆம் வருஷம் வந்தது சோலையம்மாளின் வழக்கு. தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊருக்கு இருந்தது ஒரே ஒரு குடிதண்ணீர்க் கிணறு. அதற்கு மேற்கே கோட்டைச்சாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனி. மருந்து கலக்கும் தொட்டிகளைக் கழுவிய தண்ணீரை ஒரு மண் குழியில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் கிணற்றுத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பெண்கள் கம்பெனி வேலை முடிந்து வந்த அலுப்போடு மூன்று மைல் நடந்து குடம் சுமந்தார்கள். சோலையம்மாளும் அந்தக் கம்பெனியில்தான் திரி சுற்றினாள். முதலாளி மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. அவள் மகளின் பிரசவத்துக்கு வேன் அனுப்பியவர் அவர். குழியை மூடி, கிணற்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டாள்.

கோட்டைச்சாமியின் வக்கீல் ஒரே வரியில் பதில் போட்டார்: கிணற்றைப் பல வருஷமாகத் தூர் வாரவில்லை, உள்ளே அழுகிய சகதியால்தான் தண்ணீர் கெட்டது, கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மை எது என்று நேரில் பார்த்துச் சொல்ல, விருதுநகரிலிருந்து சங்கிலிமுத்து என்ற மூத்த வக்கீலை நீதிமன்றம் கமிஷனராக நியமித்தது. அவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அப்படியே எழுதுபவர். குரைத்த நாயின் நிறம்கூட அவர் அறிக்கையில் இருக்கும்.

அவர் சொல்வதுதான் இனி வழக்கு. கமிஷனர் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள் ஜெயபாண்டி இருக்கன்குடி மாரியம்மனிடம் போய் நின்றார். ஜெயிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்கும் அவளேதானே தாய்? உள்ளது உள்ளபடி கண்ணில் படட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை கிணற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவருக்குத் தாம் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. கிணற்றைச் சுற்றிக் கூட்டித் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் வேப்பிலை தொங்கியது. கிணற்றுச் சுவருக்கு உள்ளும் புறமும் பளீரென்று சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தார். அடிவரை தெரிகிற தெளிந்த தண்ணீரில் அவருடைய முகம் தெரிந்தது. அந்த முகம் நன்றாக இல்லை.

அந்த ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவையே வெள்ளையடிப்பார்கள். கோர்ட்டிலிருந்து கிணறு பார்க்க வருகிறார்கள் என்றால் சும்மா இருப்பார்களா? மோட்டார் வைத்து இறைத்து, சகதியைக் கூடை கூடையாக அள்ளி, சுண்ணாம்படித்து, வெறுங்கிணறாக நின்றால் மரியாதையாக இருக்காது என்று விடியற்காலையில் ஒரு லாரித் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள்.

“யாரும்மா லாரி குடுத்தது?” என்றார் ஜெயபாண்டி.

“மொதலாளிதான்யா. நம்ம சுத்துவட்டாரத்துல லாரி வேற யாருகிட்ட இருக்கு?” என்றாள் சோலையம்மாள்.

எதிர்க்கட்சியிடமே போய்ச் சாட்சியத்தைக் கழுவத் தண்ணீர் வாங்கிய கட்சிக்காரர்களை அவர் சட்டப் புத்தகம் எதிலும் படித்ததில்லை. அம்மா, உன்னிடம் நான் கேட்டது இதையா என்று மனதுக்குள் முறையிட்டார். அதற்குள் கோட்டைச்சாமியே தம் வக்கீலோடு வந்து சேர்ந்தார். ஜெயபாண்டியின் பார்வையைக் கண்டு சங்கடப்பட்டு, ஊர்க்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தேன், நல்ல காரியத்துக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் தம் வீட்டில் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மைதான். தம் வழக்குக்கு அது நல்லதா கெட்டதா என்றுகூட அவர் யோசித்திருக்கவில்லை.

அவருடைய வக்கீல் யோசித்துவிட்டார். கமிஷனர் காரிலிருந்து இறங்கியதுமே, நேற்றுத்தான் தூர் வாரினார்கள், இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று கிணற்றடிக்கு அழைத்துப் போனார். சங்கிலிமுத்து குனிந்து பார்த்தார். ‘தூர் நேற்று வாரப்பட்டது. நீர் தெளிவாக உள்ளது. கோலம் தாமரை வடிவம்’ என்று எழுதிக்கொண்டார். ஜெயபாண்டி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கத்தரி வெயில். சோலையம்மாள் சொம்பும் டம்ளர்களுமாக வந்தாள். வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது சங்கிலிமுத்துவின் விரதம். தண்ணீர் சாப்பாட்டில் சேராது என்று கொஞ்சம் யோசித்து முடிவுசெய்து டம்ளரை வாங்கினார். அவள் கோட்டைச்சாமிக்கும் ஊற்றினாள்.

“இந்தக் கிணத்துத் தண்ணியாம்மா?” என்றார் சங்கிலிமுத்து.

சோலையம்மாள் பதறிப்போனாள். “ஐயையோ, அதக் குடுப்பமா? இது காலைல மூணு மைலு நடந்து எடுத்தாந்ததுய்யா.”

“அதுவும் தெளிவாத்தான இருக்கு?”

“அது விடியக்கால லாரித் தண்ணி ஊத்துனதுய்யா. ஊத்தி என்ன செய்ய. ஊத்து மேக்க இருந்துல்லா வருது. மத்தியானத்துக்குள்ள பளைய நெறத்துக்கு வந்துரும். வெரசா பாத்துட்டுப் போயிருவீக, பாக்கறப்பவாவது லெச்சணமா இருக்கட்டுமேன்னுதான்...” என்று தலைகுனிந்தாள். ஊர் மானத்தைத் தானே வாங்கிவிட்டதாக அவளுக்கு வெட்கம்.

சங்கிலிமுத்து பேனாவை மூடவில்லை. காரிலிருந்து தம் தயிர்சாதத்தை வரவழைத்து, வேப்பமரத்து நிழலில் கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டார் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

அவர் டப்பாவை மூடும் நேரம், மேற்குப் பக்கத்து உள்சுவரில் கல் இடுக்கிலிருந்து ஒரு சாம்பல் கோடு இறங்கியது. பழைய பாசிச் சுவராக இருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. புதுச் சுண்ணாம்பின்மேல் அது மை தீட்டியது போலத் தெரிந்தது. பிறகு இன்னொரு கோடு. மூன்று பக்கம் வெள்ளையாகவே இருக்க, கம்பெனி இருந்த பக்கம் மட்டும் அழுதது. சற்று நேரத்தில் தண்ணீரிலும் சாம்பல் பரவியது.

கோட்டைச்சாமியின் வக்கீல், அடியில் கிடக்கும் சகதி, என்று ஆரம்பித்தார்.

“சகதிய நேத்தே வாரிட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க, எழுதியிருக்கேன்” என்றார் சங்கிலிமுத்து அமைதியாக.

ஜெயபாண்டி, வேண்டிக்கொண்டது நினைவுக்கு வந்து, இருக்கன்குடி இருக்கும் திசையை நோக்கி யாரும் பார்க்காமல் ஒரு கும்பிடு போட்டார்.

கோட்டைச்சாமி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டம்ளர் இன்னும் பாதி இருந்தது.

“ஏம்மா, நான் எதிராளிதான. எனக்காவது இந்தக் கிணத்துலருந்து மோந்து குடுத்திருக்கலாமே?”

“வேகாத வெயில்ல வந்திருக்கீக மொதலாளி,” என்றாள் சோலையம்மாள். “கேசு கோர்ட்டுல. தாகத்துக்குத் தண்ணி கேசுல சேருமா?”

அவர் மிச்சத் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். குடித்த டம்ளரைத் துண்டால் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தார். தம் வக்கீல் எதையோ காதில் சொல்ல வந்தபோது, சும்மா இருக்கும்படி கைகாட்டினார். அடுத்த வாய்தாவில் சமரச மனு போடப்பட்டது. குழியை அள்ளி மூடி, கழிவுத் தண்ணீருக்கு ஊருக்கு எதிர்ப்பக்கம் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். மண்ணைக் கழுவ இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை விடிந்தால் அதே லாரி ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தது.

மூன்றாம் வருஷம் பொங்கலுக்குச் சோலையம்மாள் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்தாள். கரும்போடு ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அழகுமீனா பழக்க தோஷத்தில் ‘குடிக்காதே’ எழுதி ஒட்டி மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஜெயபாண்டி அந்தச் சீட்டைக் கிழித்தார். பாட்டிலைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்தார். பரிசோதனை அறிக்கை வந்த பிறகு குடிக்கலாமா என்று தயங்கினார். அழகுமீனா அதை வாங்கி அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டாள்.

“லேசா உப்புக் கரிக்கு. மத்தபடி நல்ல தண்ணிதான்” என்று மீதியை நீட்டினாள்.

அவர் கும்பிட்டுவிட்டு வாங்கிக் குடித்தார். காலி பாட்டிலை அவள் உடனே ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.