பால் தீய்ந்த பகல்

ரொட்டிக்காரருக்குத் தூக்கம் போய் மூன்று மாதமாகிறது. ராத்திரித் தூக்கத்தைச் சொல்லவில்லை. விடிய விடிய பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்கிற மனுஷனுக்கு ராத்திரியில் ஏது தூக்கம்? காலை ஒன்பதுக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தால் மூன்று மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அந்தத் தூக்கத்தின் மேல்தான் யார் கண் பட்டதோ தெரியவில்லை.

யோசனை சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தூங்காதவனைக் கண்டால் ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் வந்துவிடும் பாருங்கள். மாத்திரையெல்லாம் எதற்கு, இயற்கையாகவே வரவழைக்கலாம் என்று மனைவியின் தங்கை ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடு, விடிகாலை டீயை விடு, கைப்பேசியை வேறு அறையில் வை, வெந்நீரில் கால் நனை, தேன் கலந்த பால் குடி, வீட்டில் சத்தமே கூடாது. ரொட்டிக்காரர் ஒன்றையும் விடவில்லை. டீயை விட்டதில் தலைவலிதான் மிச்சம்.

"எல்லாம் சரியா செஞ்சீங்களா அத்தான்?" என்று மச்சினி போனில் கேட்டாள்.

"எல்லாம் செஞ்சாச்சும்மா. தூங்கறது ஒண்ணுதான் பாக்கி."

சிரிக்கிற விஷயமா இது? இரண்டு வாரத்துக்கு முன்னால் ரொட்டித் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளிவிட்டு நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். அத்தனையும் கரி. அவர் தூங்குவதில்லை என்று வீட்டுக்குத் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். முதலாளி கத்தியிருந்தால்கூடத் தேவலை. "ரொட்டி போனாப் போகுது, நீங்க அடுப்பு மேல சாஞ்சிருந்தா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அடுப்புகிட்ட உங்களை விடமாட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக நின்ற இடம். அதை விட்டால் அவருக்கு வேறெதுவும் தெரியாது.

பக்கத்தில் ஒருவர் அசந்து தூங்கினால் நமக்கும் தூக்கம் வரும் என்பது மச்சினியின் கடைசி யோசனை. அதற்காக மனைவி வேலைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தினமும் பத்து மணிக்கு அவர் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். படுத்தவுடன் மூச்சு சீராக வந்துவிடும். கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வார். அவள் முழித்துவிடக் கூடாதே என்று புரண்டுகூடப் படுக்காமல் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு கிடப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். பாலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு, காயட்டும் என்று வந்து படுத்தாள். ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. பிறகு அடிப்பிடிக்கிற வாசனை. ரொட்டியின் மேல்தோல் ஒரு நிமிஷம் கூடுதலாகச் சிவந்தாலே தெருவில் நின்று சொல்லிவிடுகிற மூக்கு அது. ஆனால் எழுந்தால் கட்டில் கிரீச்சிடும், பாவம், இப்போதுதான் தூங்கினாள். போகட்டும், ஒரு பாத்திரம்தானே?

தீய்ந்த நாற்றம் கதவைத் தாண்டி வந்து, அறையில் புகை மண்டியது. இதற்கு மேல் தாங்காது என்று அவர் சட்டென்று எழுந்தார். அதே நேரம் அவளும் எழுந்தாள். இரண்டு தலையும் ணங்கென்று மோதிக்கொண்டன.

"நீ தூங்கலையா?"

"நீங்க தூங்கலையா?"

அடுப்பை அணைத்து, கறுப்புத் துணியை இழுத்துப் போட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்ட பிறகு இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஒருவருக்காக ஒருவர் தூங்குவது போல நடித்து, ஒரு பாத்திரத்தையே கொளுத்தியிருக்கிறார்கள்.

"நான் பத்து நாளா நடிக்கிறேன்" என்றாள் அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு. "நீங்க?"

"மூணு மாசமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் அவள் இதே சமையலறையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டம்மா வந்து பார்க்கிற வரை ஒரு மணி நேரம் தரையில் கிடந்தாள். சர்க்கரை குறைந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ஒரு மணி நேரமும் பத்தடி தள்ளி இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"காதுல பஞ்சு வேற வச்சிருந்தேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "எத்தனை தடவை கூப்பிட்டியோ. கண்ணை மூடினா, நீ கூப்பிடற மாதிரியே இருக்கு. எங்க தூங்கறது?"

அவள் கருகின பாத்திரத்தைக் கழுவுதொட்டியில் வைத்தாள்.

"நான் கூப்பிடவே இல்லைங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நினைவு வந்து வந்து போச்சு. கதவு வழியா உங்க காலு தெரிஞ்சுது. ரெண்டு நாளா வேலை ஜாஸ்தின்னு நீங்க சரியாத் தூங்கல. இப்பத்தானே கண்ணசந்தாரு, கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடலாம்னு..."

ரொட்டிக்காரருக்கு வந்ததே கோபம்! இத்தனை நாளாகச் சத்தமே இல்லாத வீடு அதிர்ந்தது.

"அறிவிருக்கா உனக்கு? நீ போயிட்டா, நான் தூங்கி எழுந்து யார் மூஞ்சியில முழிக்கறது?"

திட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஐம்பது வயது மனுஷன், சமையலறை நடுவில் நின்று அழுதார். அவள் ஈரக் கையோடு வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே கூப்பிடறேன்."

"சின்ன விஷயம்னாலும்?"

"கூப்பிடறேங்க. போய்ப் படுங்க."

போய்ப் படுத்தார். தேனும் இல்லை, பாலும் இல்லை, ஜன்னலில் வெயில் வேறு. இவளாவது கூப்பிடுவதாவது என்று மனசு முனகிக்கொண்டே இருந்தது. பால் தீய்கிறபோதே எழுப்பாதவள் ஆயிற்றே. அப்படியே கண் செருகிக்கொண்டு வருகிற நேரத்தில் குரல் கேட்டது.

"ஏங்க!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அவள் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மூடியைத் திறக்க வரலைங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு மூடிக்காக அவரைக் கூப்பிட்டதில்லை. வாங்கித் திருகினார். மூடி தளர்வாகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் டப்பாவைப் பார்த்தாள். திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தார்.

அடுத்து அவள் கூப்பிட்டபோது சாயங்காலம் மணி ஐந்தாகியிருந்தது. முதல் குரலுக்கே கண் விழித்தார்.