பொழுது சாயாத ஊர்

டயானாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். அங்கே நின்று போனைப் பார்ப்பாள். அதற்குள் பால் பொங்கி வழிந்திருக்கும். மூன்று நாளாகப் புருஷன் ஜெபக்குமாரிடமிருந்து போன் இல்லை.

ஜெபக்குமார் புதுக்கோட்டையில் போர்வெல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது ரஷ்யாவின் வடகோடியில் எரிவாயுக் கிணறு தோண்டப் போயிருக்கிறான். அடுத்த மாதம் சொந்த ஊரான ஆவூருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவன், மூன்று நாளைக்கு முன்பு போனில் திடீரென்று, "இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாரேன்" என்றான். இவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "அங்கேயே கெடங்க. இங்கிட்டு யாரும் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இல்லை" என்றாள். அவன் பட்டென்று போனை வைத்துவிட்டான்.

இதெல்லாம் ஒரு சண்டையா? இதைவிடப் பெரிய சண்டையில் சட்டி பானையே உருண்டிருக்கிறது. ஆனால் கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். எந்தச் சண்டையானாலும் பொழுது சாய்வதற்குள் பேசிவிட வேண்டும். முறைத்துக்கொண்டு போனவர்தான் முதலில் பேச வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. ஒருமுறை வல்லத்திராக்கோட்டையில் லாரியை நிறுத்திவிட்டு, சூரியன் மறைகிற நேரத்தில் அடித்துப்பிடித்துப் போன் போட்டு, "சோறு தின்னியா?" என்று கேட்டவன் அவன்.

அப்படிப்பட்ட மனுஷன் பேசவில்லை என்றால்? ஆளுக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். இல்லை, இவளே வேண்டாம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டாவதை நினைக்கும்போதெல்லாம் மறுபடி வாசலுக்கு ஓடினாள். தானே போன் போடலாம்தான். ரோஷம் விட்டால்தானே!

அந்த ரஷ்ய ஊரைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. மரமே இல்லை என்றான். "அப்ப நம்ம ஊர்ப் பொட்டல் மாதிரியா?" என்று கேட்டாள்.

"பொட்டல் இல்லை புள்ள. நம்ம பொட்டல் தண்ணியில்லாமக் காயும். இங்க கால் வச்ச எடமெல்லாம் தண்ணி. முழங்கை ஆழம் தோண்டுனா ஐஸு, பாறை கணக்கா. தண்ணியும் எறங்காது, வேரும் எறங்காது. மரம்னு ஒண்ணு இருக்கு, என் செருப்பு ஒயரம்!"

அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்கு அந்தச் சேற்றில் அவன் எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று பதறினாள்.

சாயங்காலம் சோபியா வந்தாள். ஜெபக்குமாரின் அக்கா, பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். டயானா விஷயத்தைச் சொல்லி ஓவென்று அழுதாள். "மூணு பொழுது சாஞ்சிருச்சு மதினி. அவுக பேசலை."

சோபியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடி கூறுகெட்டவளே! அது வடதுருவத்துக்குப் பக்கம், தூந்திரப் பிரதேசம்டி. பாலைவனத்துலகூட ராத்திரி உண்டு. அங்க இந்த ஜூன் மாசத்துல கெடையாது. சூரியன் தாழ எறங்கும், தரையைத் தொடாமலே திரும்ப ஏறிரும். ஆடி வரைக்கும் பொழுதே சாயாது."

டயானாவின் அழுகை சட்டென்று நின்றது. உயிர் வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "அப்ப ஆடி வரைக்கும் மொகத்தைத் தூக்கி வச்சிருப்பாகளா? நல்லா இருக்கே நாயம்!"

"சட்டப்படி அவன்தானடி பேசணும்?"

"சட்டத்தைத் தூக்கி ஒடப்புல போடுங்க" என்று போனை எடுத்தாள்.

லைன் லேசில் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டாள். சூரியன் தைலமரக் காட்டுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. நன்றாக இருட்டிய பிறகுதான் அவன் எடுத்தான்.

"டயானா... காத்துக்கிட்டு யாரும் இல்லைன்னுட்டியே. இந்தப் பொழுது சாயட்டும், அதுக்குள்ள கோவம் ஆறிரும், பேசுவோம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சாயவே மாட்டேங்குது. தூக்கமும் வரலை, கோவமும் எப்பவோ போயிருச்சு, பயமாத்தான் இருக்கு. ஒரு வருஷமெல்லாம் என்னால ஆகாது புள்ள."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்க பொழுது சாஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

டயானா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற சோபியாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"இன்னும் இல்லைங்க" என்றாள். "வெளிச்சமாத்தான் இருக்கு. பேசுங்க."