கிளைச்சொற்கள் உட்பட

போன ஆவணியிலிருந்து ‘போயிட்டு வரேன்’ என்ற சொல் நம்மிடம் இல்லை. வெண்டல் தீவு நாட்டுக்கு இரண்டு வருஷத்துக்குக் கொடுத்திருக்கிறோம். எண்ணெயையும் டாலரையும் நம்ப முடியாத காலம், அக்கம்பக்கத்து நாடுகள் பழக்கவழக்கங்களை மாற்றிக்கொண்டால்தான் பிழைக்கலாம் என்று கடலோர நாடுகளின் மாநாட்டில் முடிவானது. பதிலுக்கு அவர்கள் ஒரு சின்ன அலையை அனுப்பினார்கள். மத்தியானம் வீடு வீடாக வந்து, தூங்குகிறவர்களின் உள்ளங்காலை நனைத்துவிட்டுப் போகும். நல்ல அலை, குறை சொல்வதற்கில்லை.

ஒப்பந்தத்தை எழுதியவன் நான்தான். பண்பாட்டுப் பரிமாற்ற அலுவலகத்தில் பதினெட்டு வருஷ சர்வீஸ். பழக்கதோஷத்தில், சொல்லுக்குப் பின்னால் ‘கிளைச்சொற்கள் உட்பட’ என்று சேர்த்துத் தொலைத்தேன். விடைபெறும்போது சொல்கிற வெறும் ‘வரேன்’கூடக் கப்பலேறிவிட்டது. மிச்சம் ‘போறேன்’ மட்டும். வாயில் வைக்கக்கூடிய வார்த்தையா அது? சொல்லாமல் கிளம்புவதென்றால் கோபத்தில்தான் கிளம்ப முடியும். அதனால் நாகப்பட்டினத்தில் எல்லோரும் காலையில் வீட்டில் ஒரு சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். என் மனைவி வேதவல்லியோடு சண்டை போடுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமாகி இருபது வருஷமாகிறது.

திங்கட்கிழமை, அவள் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகம் என்று காரைக்காலிலிருந்து போன் வந்தது. வேதவல்லி பையை எடுத்துக்கொண்டு வாசல்படி வரை வந்து நின்றாள். புதன்கிழமையும் அங்கேயே நின்றாள்.

“ஒரு சண்டை போடேன்,” என்றேன்.

“முடியாம கிடக்கற அம்மாவைப் பார்க்கப் போறப்ப சண்டை போட்டுட்டா கிளம்புவாங்க? வாயைக் கழுவுங்க. எழுதறப்ப புத்தி எங்க போச்சு உங்களுக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையே சண்டையாக வைத்துக்கொண்டு தீவின் தூதரகத்துக்குக் கிளம்பினேன்.

தூதர் அம்மாள் டீ கொடுத்தார். சொல்லைத் திருப்பிக் கேட்டதும் தலைகுனிந்தார்.

“அது வந்ததிலேர்ந்து எங்க ஊர்ல எப்பவோ போனவங்க எல்லாம் திரும்பி வர்றாங்க. நேத்து எங்கப்பா வந்தார். படகு கவிழ்ந்து நாப்பது வருஷம். சட்டை இன்னும் காயல. எப்படிங்க திருப்பித் தர்றது?”

டீயைக் குடித்தேன். அவரே எழுந்து போய், கிளையை மட்டும் வெட்டி வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்தார்.

“வெறும் ‘வரேன்’தான். இதை வச்சுப் போக முடியாது, வரத்தான் முடியும்.”

வேதவல்லி இலையைப் பிரித்துப் பார்த்தாள். வாசலில் நின்று என்னிடம் சொன்னால் என் பக்கத்தில்தான் வந்து நிற்பாள். எனவே காரைக்காலுக்குப் போன் போட்டாள். “அம்மா, வரேம்மா.”

“வந்துட்டியாடி,” என்று மாமியாரின் குரல் கேட்டது. வாசல்படி காலியாக இருந்தது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்கவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். “இப்பத்தான் மூச்சு சீராச்சு. கையை விடமாட்டேங்கறாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“என்ன மனுஷன் நீங்க. சரி, இருங்க, வரேன்.”

வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு நேராக அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அம்மா கையை விடாததால், போனில் அவள் இன்னும் லைனில் இருந்தாள். அம்மாவின் இருமலும் கேட்டது.

“அங்க வந்திருக்கறவ திங்கக்கிழமையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல. பக்கத்துல உக்காத்தி வச்சுப் போடுங்க,” என்றாள் போனில்.

இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.