செத்த ராஜா சிரிக்க வேண்டும்

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மனிதர் இங்கிலீஷ் நாடகத்தில் ராஜாவாக வந்து சாகப்போகிறார் என்று தெரிந்ததும், அவர் மனைவி தங்கபுஷ்பம் ஆட்டோ பிடித்து அடையாறில் நடந்த ஒத்திகைக்கே வந்துவிட்டாள்.

நானூறு வருஷத்துப் பழைய நாடகம் அது. பேச்செல்லாம் செய்யுள். ஒரு வரிக்கு ஐந்து தட்டு, நெஞ்சு துடிக்கிற மாதிரியே விழும். துணி அளக்கிற கோலால் கடை மேசையில் தட்டித் தட்டித்தான் அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

"எமன் இப்பதான் ஆளை விட்டுட்டுப் போயிருக்கான். படுத்துக் காட்டி மறுபடி கூப்பிடுதியளோ?"

"ரெண்டு நிமிஷம் புஷ்பம். கண்ணை மூடிக் கிடக்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கு வீட்டுல கட்டில் இல்லையா?"

வடபழனியிலிருந்து வேஷத் துணி கொண்டுவந்திருந்த ஷாஹுல் ஹமீது சிரித்துவிட்டார். "சினிமால இதுக்கு ஒரு வழி கீதும்மா. பொணமா நடிச்சவரு அதே வேஷத்துல எய்ந்து ஒரு தபா சிரிச்சிரணும். திஷ்டி பூடும். ஆனா பல்லு தெரியணும்."

தங்கபுஷ்பம் யோசித்தாள். "சரி. செத்த உடனே சிரிக்கணும்."

நாடகத்தை நடத்துகிறவளும் ராணியாக நடிக்கிறவளும் மஹ்விஷ்தான்; கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறவள். "ஐயோ ஆன்ட்டி, ராஜா சிரிச்சா நாடகமே போச்சு! விளக்கு அணைஞ்சப்புறம் இருட்டுல சிரிக்கட்டுமே."

"முதல் வரிசையில இருப்பேன். என் காதுல விழணும்." சுயம்புலிங்கம் சரியென்று தலையாட்டினார்.

அதோடு போகவில்லை தங்கபுஷ்பம். ராஜா செத்ததும் ராணி கூரையைப் பார்த்துப் புலம்புவதைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அர்த்தம் என்னம்மா?"

"யாரைக் கேட்டு என்னை விட்டுப் போனேன்னு கேக்கறா ஆன்ட்டி."

"அதை ஆளைப் பாத்துல்லா கேக்கணும்? செத்தது கூரையா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கம் நிறைந்திருந்தது. ராணி இந்த முறை ராஜாவின் மார்பில் கைவைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து அந்த வரியைக் கேட்டாள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன அன்று, ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பம் கேட்டதும் அதேதான்: "யாரைக் கேட்டுப் போறிய?" இன்றைக்கு ராஜாவின் மூடிய கண்ணோரம் நீர் இறங்கியது.

விளக்கு அணைந்தது. சிரிப்பு வரவில்லை.

என் கண்ணுகளா, இருட்டில் ஒரு சிரிப்புக்குக் காத்திருப்பது எவ்வளவு நேரம் என்று தங்கபுஷ்பத்தைத்தான் கேட்கவேண்டும்.

மறுபடி விளக்கு எரிந்தபோது, பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் மேடையில் செத்த ராஜாவின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க! சொன்ன சொல் என்னாச்சு?"

ராஜா கண்ணைத் திறந்தார். துடைத்துக்கொண்டார். லேசாகப் புன்னகைத்தார்.

"பல்லு தெரியல," என்றாள் தங்கபுஷ்பம்.

அரங்கம் முந்திக்கொண்டு சிரித்தது. அப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை. கடைவாயில் கட்டியிருந்த பொய்ப்பல் வரைக்கும் தெரிந்தது. அவள் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு கோணியிருந்த கிரீடத்தை நேராக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தன் நாற்காலிக்குப் போனாள்.