கடைசித் துளைக்கு முன்

மாடிப்படிச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஏறக்குறைய முழுதும் பொருத்தியாகிவிட்டது. உச்சியில் ஒரு தாங்கிக்கு மட்டும் துளை பாக்கி. அங்கே வந்துதான் டிரில் முனகி ஓய்ந்தது. விடாமல் கான்கிரீட்டைக் குடைந்ததில் பேட்டரி கையைச் சுட்டது.

வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டித் தருவது அக்காவின் தொழில். இன்னொரு பேட்டரி, அவளோடு வேலை செய்பவளிடம் இருந்தது. சுடுகிற பேட்டரியைச் சார்ஜரில் செருகக் கூடாது. அதனால் கழற்றி மேசை மேல் ஆற வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

கீழ்ப்படிக்கு எதிரே ஊன்றுகோலோடு தம்பி உட்கார்ந்திருந்தான். விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவன். எலும்பு கூடிவிட்டது, படி ஏறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பயம் விடவில்லை. மாடியிலிருக்கும் தன் அறையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தான். இன்று காலை, யாரும் கேட்காமலே, கம்பி இருந்தால் ஏறிப் பார்க்கிறேன் என்றான். அந்த மனசு நாளைக்கும் இருக்குமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் வேலை செய்தது அதற்காகத்தான்.

திரும்பி வந்தால் பேட்டரியைக் காணோம். பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு கணவர் ஃப்ரீசரைத் திறந்து அதை எடுத்து நீட்டினார். வெளிக்காற்று பட்டதும் மேலெல்லாம் முத்து முத்தாக ஈரம் பூத்தது.

அவர் கேன்டீன் சமையல்காரர்.

"ஏங்க, உங்க கேன்டீன்ல ஆவி பறக்குற பாத்திரத்த யாராவது ஃப்ரீசர்ல வச்சா சும்மா விடுவீங்களா?"

"கைய ஒடிச்சிருப்பேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

"வேணாம் மாமா. ஒடிஞ்சவன் ஒருத்தன் போதும் இந்த வீட்டுக்கு."

தம்பி வேடிக்கையாகப் பேசி வெகுநாளாகியிருந்தது.

அவள் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். சோபா மேல் அவர் எடுத்து வைத்திருந்த சார்ஜரைத் துணிமணிக்கு எட்டாத வெறுந்தரைக்கு மாற்றினாள். சில்லிட்டதையும் செருகக் கூடாது, குளிர் விட்டு நன்றாக உலரவும் வேண்டும் என்றாள். தலை காயவைக்கும் மெஷினைக் கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்டதற்கு ஒரு பார்வைதான் பதில்.

காத்திருந்தார்கள். வேறு வேலையில்லாமல் அவள் அந்தப் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைப்போல் தினமும் புழங்கிய பொருள். ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெட்டி. இந்தச் சுவரைக் குடைந்து மாவாக்கிய பலம் இதற்குள் எந்த மூலையில் இருந்தது? சத்தமில்லை, புகையில்லை. கொதித்தாலும் மின்சாரத்தை வாங்காது, விறைத்தாலும் வாங்காது. தன் நிலைக்குத் திரும்பிய பிறகே வாங்கிக்கொள்ளும். அவளுக்கு மெல்லச் சிலிர்த்தது.

தொட்டுப் பார்த்துச் செருகினாள். விளக்கு சிவப்பாக நின்று எரிந்தது. முழுக்க நிறைய வேண்டாமா என்று கணவர் கேட்டார். ஒரு துளைக்குக் கொஞ்சம் போதும், பாதியில் எடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது என்று சொல்லிச் சிறிது நேரத்தில் எடுத்துவிட்டாள்.

துளை விழுந்தது. திருகாணிகளை இறுக்கிக் கம்பியில் தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

தம்பி எழுந்தான். நல்ல காலை முதலில் வைத்தான், மற்றதை அதோடு சேர்த்தான். இப்படியே ஏறிப் பாதியில் நின்றுவிட்டான். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. தாங்கப்போன கணவரின் சட்டையை அவள் பிடித்து இழுத்தாள்.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கால் எழுந்தது. கட்டிலில் கட்டையாகக் கிடந்த உடம்புதானா இது? இவ்வளவையும் எங்கே வைத்திருந்தான்? அவள் அண்ணாந்து நின்றாள்.

அவன் மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்தான். கதவு கிறீச்சிட்டது.

"அக்கா, ரூமெல்லாம் ஒரே தூசி. ஜன்னலத் தொறக்கட்டுமா?"

குரல் மாடியிலிருந்து வந்தது.